முதல் வகுப்பில் தோற்றவர் மென்பொருளுக்கு அளவுகோல் தந்தார்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்னும் ஊரில் 1927 ஜூலை 4-ஆம் நாள் பிறந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி, பள்ளியின் முதல் வகுப்பிலேயே தேர்ச்சி பெறவில்லை. எழுத்துகள் அவருக்குப் பிடிபடவில்லை. இன்றென்றால் டிஸ்லெக்சியா என்று கண்டறிந்து தனிப் பயிற்சி கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளையை மந்தம் என்று பின் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

அவருடைய அப்பா அதை ஏற்கவில்லை. பையனிடம் கோளாறு இல்லை, சொல்லிக் கொடுத்த விதத்தில்தான் கோளாறு என்று அவர் முடிவு செய்தார். பிள்ளைக்கு ஏற்ற பள்ளியைத் தேடி, வீட்டையே அதற்காக மாற்றினார். பையன் படிக்கத் தொடங்கினான். 1944-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்து, அமெரிக்கக் கடற்படையில் சேவை செய்தான். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம், இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலில் முதுகலை, மீண்டும் சிகாகோவில் வணிக நிர்வாகத்தில் முதுகலை.

ஆளைக் குறை சொல்லாதே, வேலை நடக்கும் முறையைப் பார் என்று அந்த அப்பா எண்ணியதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் பின்னாளில் உலகம் முழுக்கக் கொண்டுபோன கருத்து ஏறக்குறைய இதேதான்.

பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் படிக்கும் எவரும் ஹம்ஃப்ரியின் பெயரைக் கடந்துதான் வர வேண்டும். மென்பொருள் தரத்தின் தந்தை என்று பாடநூல்கள் இவரை அழைக்கின்றன. ஆனால் ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு படத்தை மனப்பாடம் செய்து, தேர்வில் வரைந்து காட்டிவிட்டு, அதோடு அவரை மறந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் மறந்தேன். அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

திட்டம் எங்கே?

1953-இல் பாஸ்டனில் சில்வேனியா நிறுவனத்தில் சேர்ந்த ஹம்ஃப்ரி, கணினிச் சுற்றுகளை வடிவமைக்கும் பொறியாளராகத்தான் தொழிலைத் தொடங்கினார். அதைப் பற்றி 1958-இல் ஒரு பாடநூலும் எழுதினார். 1959-இல் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு மாறினார். மென்பொருள் அவர் கைக்கு வந்தது 1966-இல், அதுவும் மிக மோசமான நேரத்தில்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1964 ஏப்ரலில், ஐ.பி.எம். சிஸ்டம் 360 என்ற கணினி வரிசையை அறிவித்திருந்தது. சிறியது முதல் பெரியது வரை எல்லாக் கணினிகளும் ஒரே மென்பொருளை ஓட்டும் என்பது வாக்குறுதி. அந்த மென்பொருளின் பெயர் ஓ.எஸ். 360. அது சொன்ன தேதியில் வரவில்லை. வந்தபோதும் பிழைகள் மலிந்திருந்தன. கணினி வாங்கியவர்கள் கோபத்தில் இருந்தார்கள். அந்த நேரத்தில் ஹம்ஃப்ரியை நிரலாக்கத்தின் இயக்குநராக நியமித்தார்கள். 7 நாடுகளில் 15 ஆய்வுக்கூடங்கள், 4,000 பேர்.

அவர் ஆய்வுக்கூடங்களுக்கு நேரில் போனார். ஒவ்வோர் இடத்திலும் இந்த வேலைக்குத் திட்டம் எங்கே என்று கேட்டார். யாரிடமும் இல்லை. எல்லாரும் இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் திறமைசாலிகள். எந்த வேலை எப்போது முடியும், இதுவரை எவ்வளவு முடிந்திருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தேதியை மேலே இருப்பவர்கள் நிர்ணயித்தார்கள். கீழே இருப்பவர்கள் தலையாட்டினார்கள்.

இறுதித் தேதிக்கு முதல் நாள் இரவு குழுப்பணியை ஒட்டிச் சேர்க்கும் நம் பழக்கம் 4,000 பேரில் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹம்ஃப்ரி செய்தது எளிய காரியம்தான், ஆனால் துணிச்சல் தேவைப்பட்டது. திட்டம் இல்லாத எந்த மென்பொருளையும் அறிவிக்க மாட்டோம், அதற்குத் தேதி தர மாட்டோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார். அந்தத் திட்டத்தை மேலாளர் எழுதித் தரக்கூடாது, வேலை செய்பவர்களே உட்கார்ந்து கணக்கிட வேண்டும் என்பதும் அவர் விதி. அதன் பிறகு தேதிகள் தவறுவது நின்றது. ஓ.எஸ். 360-இன் முதல் 19 வெளியீடுகள் அவர் பொறுப்பில் வந்தன.

பத்தொன்பது என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒரு முறை எழுதி முடித்துவிட்டால் மென்பொருள் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அது துருப்பிடிப்பதில்லை, கறையான் அரிப்பதில்லை. பிறகு ஏன் அதே பொருளை 19 முறை வெளியிட வேண்டும்?

நம் ஊர் உதாரணத்தைப் பார்ப்போம். 2015 ஏப்ரல் 1-ஆம் தேதி மலேசியாவில் 6 விழுக்காடு பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூன் 1-இல் அது சுழியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் பழைய விற்பனை சேவை வரி திரும்பியது. மூன்றரை ஆண்டுக்குள் மூன்று மாற்றங்கள். வரிக்குப் பதிவு செய்த கோலசிலாங்கூர் கடை ஒன்றில் பில் அடிக்கும் மென்பொருள் ஒரு வரிகூடக் கெட்டுப் போகவில்லை. ஆனால் வெளியே உலகம் மாறிவிட்டது. மாற்றாமல் விட்டால் அது பயனற்றது. மாற்றினாலோ, கை வைக்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பிழை நுழைய வழி பிறக்கிறது, உள்ளே சிக்கல் கூடுகிறது.

இந்த உண்மையை விதிகளாக எழுதியவர் மேனி லேமன். அதே காலத்தில் ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவில் இருந்த அவர், சக ஆய்வாளர் லெஸ் பெலாடியுடன் சேர்ந்து, இதே ஓ.எஸ். 360-இன் வெளியீடுகளைத்தான் எண்ணி அளந்தார். பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் தொடர்ந்து மாறியாக வேண்டும், அதைக் கட்டுப்படுத்தத் தனியாக உழைக்காவிட்டால் அதன் சிக்கல் கூடிக்கொண்டே போகும் என்பது அவர் கண்டது. லேமன் பொருள் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். ஹம்ஃப்ரி அதை மாற்றும் மனிதர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்தார்.

இடையில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை கணினி வாங்கினால் மென்பொருள் இலவசமாக வரும். 1969 ஜூன் மாதம் ஐ.பி.எம். அதைத் தனியாக விலை போட்டு, உரிமம் கொடுத்து விற்கத் தொடங்கியது. அந்த முதல் உரிமத்தை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் ஹம்ஃப்ரிதான். இன்று நாம் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் உரிம ஒப்பந்தங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. இதற்காக அவருக்கு நன்றி சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்து படிகள்

27 ஆண்டுகள் ஐ.பி.எம்.மில் இருந்துவிட்டு 1986-இல் ஹம்ஃப்ரி ஓய்வு பெற்றார். வயது 59. ஓய்வு பெற்றவர் வீட்டில் உட்காரவில்லை. பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் கழகத்தில் சேர்ந்தார். உலகம் மென்பொருள் எழுதும் முறையையே மாற்றுவது என்று தனக்குத் தானே ஒரு பொறுப்பை எடுத்துக்கொண்டார். அதைக் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமான வாக்குறுதி என்று அவரே ஒப்புக்கொண்டதுண்டு.

அந்தக் கழகத்துக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு. அமைச்சின் கவலை இதுதான்: விமானத்துக்கும் ஏவுகணைக்கும் மென்பொருள் எழுத ஒப்பந்தம் கேட்டு வரும் நிறுவனங்களில் எது சொன்னதைச் செய்யும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாரும் அழகான விண்ணப்பம் கொண்டு வருகிறார்கள்.

இந்தக் கேள்வி நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கமெல்லாம் இன்று செம்பனைதான் கண்ணில் படுகிறது. ஆனால் நம் தாத்தா பாட்டி காலத்தில் ரப்பர் மரங்கள் அடர்ந்திருந்தன. புகையூட்டிய ரப்பர் ஷீட்டை அப்போது வெளிச்சத்தில் பிடித்து, நிறம் பார்த்து, புள்ளி பார்த்து, கண்ணால்தான் தரம் பிரித்தார்கள். 1965-இல் அந்த முறைக்கு மாற்று வந்தது. ரப்பரில் கலந்துள்ள அழுக்கு எத்தனை விழுக்காடு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து சான்று தரும் எஸ்.எம்.ஆர். தர முறை. ஆரம்பத்தில் எஸ்.எம்.ஆர். 5 என்றால் அழுக்கு 0.05 விழுக்காட்டைத் தாண்டாது, எஸ்.எம்.ஆர். 20 என்றால் 0.20 விழுக்காட்டைத் தாண்டாது. இதற்குப் பெரும் பங்காற்றியவர் சுங்கை பூலோ வட்டாரத் தோட்டத்தில் 1929-இல் பிறந்த பி.சி. சேகர். அடுத்த ஆண்டே அவர் ரப்பர் ஆய்வுக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநர் ஆனார்.

மென்பொருளும் அதுவரை கண்ணால் பார்த்துத்தான் வாங்கப்பட்டது. ஹம்ஃப்ரி குழு 1987-இல் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள். வேலைக்குத் திட்டம் போடுகிறீர்களா? எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கிறாரா? பிழைகளை எண்ணி வைக்கிறீர்களா? மாற்றம் கேட்டு வரும்போது அதைக் கட்டுப்படுத்த முறை இருக்கிறதா? மென்பொருளைத் தொட்டுப் பார்க்காமல், அதை எழுதும் முறையை விசாரிக்கும் கேள்விகள் இவை. 1989-இல் அவருடைய புத்தகம் வந்தது. 1991-இல் கழகம் அதை வளர்த்து முதிர்ச்சி மாதிரி என்று வெளியிட்டது. சுருக்கமாக சி.எம்.எம். நாம் மனப்பாடம் செய்யும் ஐந்து கட்டப் படம் இதுதான்.

அந்தப் படத்தை எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் கலை இரவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நிலையில் எல்லாம் ஓர் அண்ணனின் தோளில் நடக்கிறது. மேடையா, ஒலிபெருக்கியா, சாப்பாடா, எல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. நிகழ்ச்சி அமர்க்களமாக நடக்கும். அவர் பட்டம் வாங்கிப் போன அடுத்த ஆண்டு, ஒலிபெருக்கி யாரிடம் வாடகைக்கு எடுத்தோம் என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. இந்த நிலையில் இருக்கும் நிறுவனங்களே உலகில் அதிகம் என்பதுதான் ஹம்ஃப்ரி குழு கண்ட அதிர்ச்சி. இரண்டாம் நிலையில் திட்டமும் தேதியும் கணக்கும் இருக்கும், போன ஆண்டு செய்ததை இந்த ஆண்டும் செய்ய முடியும். மூன்றாம் நிலையில் மன்றம் முழுவதற்கும் பொதுவான முறை எழுதி வைக்கப்பட்டிருக்கும். நான்காவதில் எல்லாவற்றையும் அளப்பார்கள். ஐந்தாவதில், அளந்து கிடைத்த எண்களைப் பார்த்து முறையையே திருத்திக்கொண்டு போவார்கள்.

படிப்படியாக முதிர்வது என்ற எண்ணம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. தர நிர்வாக அறிஞர் பிலிப் கிராஸ்பி 1979-இலேயே தொழிற்சாலைகளுக்கு ஐந்து கட்ட அட்டவணை ஒன்றைப் போட்டிருந்தார். ஷூஹார்ட், டெமிங், ஜூரான் ஆகியோர் தொழிற்சாலைத் தரத்தைப் பற்றிச் சொன்னவற்றையும் ஹம்ஃப்ரி கரைத்துக் குடித்திருந்தார். கார், வானொலிப் பெட்டி செய்பவர்களுக்குச் சரிவரும், மென்பொருள் கலை ஆயிற்றே, அதற்கு எப்படி என்று கேட்டவர்களோடு வாதாடியதுதான் அவருடைய பங்கு.

சென்னையில் ஒரு நிலையம்

அமெரிக்காவுக்காகச் செய்த அளவுகோலை அதிகம் பயன்படுத்திக்கொண்டவர்கள் இந்தியர்கள். முகம் தெரியாத ஒரு நிறுவனம், கடல் தாண்டி இருக்கும் வங்கியிடம் போய், உங்கள் கணக்கு மென்பொருளை எங்களிடம் கொடுங்கள் என்று கேட்டால் யார் நம்புவார்? அங்கே ஐந்தாம் நிலைச் சான்று பேசியது. உலகில் அந்த நிலையை எட்டிய முதல் சில குழுக்களில் பெங்களூரில் இயங்கிய மோட்டோரோலா நிறுவனமும் ஒன்று. 1990-களின் இறுதிக்குள் ஐந்தாம் நிலை பெற்ற நிறுவனங்களில் பெரும் பங்கு இந்தியாவில் இருந்தது.

சென்னைக்கு அப்போது வந்து குவிந்த வேலை எது தெரியுமா? பெரும்பாலும் பராமரிப்பு. ஆண்டுகளை இரண்டு இலக்கத்தில் எழுதி வைத்திருந்த பழைய நிரல்கள் 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் குழம்பிவிடும் என்ற அச்சம் உலகைப் பிடித்திருந்தது. லட்சக்கணக்கான வரிகளைத் தேடித் திருத்த ஆள் வேண்டும். 1994-இல் சென்னையில் தொடங்கிய காக்னிசண்ட் போன்ற நிறுவனங்களில் சேர்ந்த இளைஞர்கள், தாங்கள் பிறப்பதற்கு முன்பே வேறொருவர் எழுதிய நிரலைத் திறந்து, எதையும் உடைத்துவிடாமல் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். புதிதாக எழுதுவதைவிட இது கடினம். பிறர் எழுதியதை மாற்றும்போது, யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற பதிவு இல்லாவிட்டால் தொலைந்தோம். சி.எம்.எம். வற்புறுத்தியது அந்தப் பதிவைத்தான்.

2000-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு மென்பொருள் தர நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். வாட்ஸ் ஹம்ஃப்ரி மென்பொருள் தர நிலையம். முதல் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறிய பையனின் பெயர், பிறந்த ஊரிலிருந்து பூமியின் மறுபக்கத்தில் உள்ள ஒரு நகரில், பெயர்ப்பலகையில் ஏறியது.

குறை சொன்னவர்களும் உண்டு. சான்று கிடைத்தால் ஒப்பந்தம் கிடைக்கும் என்றானதும், சில நிறுவனங்கள் சான்றுக்காகவே காகிதம் நிரப்பின. அளவுகோல் விளம்பரப் பலகையாகிவிட்டது. 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 நிரலாளர்கள் கூடி, ஆவணங்களைவிட ஓடும் மென்பொருள் முக்கியம் என்று அறிக்கை விட்டார்கள். இன்று அஜைல் என்று நம் வகுப்புகளில் படிப்பது அதுதான். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. கோப்பு தடித்திருப்பதால் மட்டும் நிரல் நன்றாக ஓடிவிடாது. ஆனால் காகிதம் நிரப்பச் சொன்னவர் ஹம்ஃப்ரி என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் அதற்குப் பிறகு செய்த வேலையைப் பார்த்தால் உங்களுக்கும் புரியும்.

அறுபத்திரண்டு நிரல்கள்

சி.எம்.எம். பெரிய நிறுவனங்களுக்குத்தான் சரிவரும், நான்கைந்து பேர் இருக்கும் இடத்தில் எப்படி என்று பலரும் கேட்டார்கள். ஹம்ஃப்ரி பதிலைச் சொற்பொழிவில் தேடவில்லை. அறுபது வயதைக் கடந்த பிறகு, தானே உட்கார்ந்து நிரல் எழுதத் தொடங்கினார். ஐந்தாம் நிலை நிறுவனம் செய்வதையெல்லாம் ஒற்றை ஆளாகச் செய்து பார்த்தால் என்ன நடக்கும் என்பது சோதனை. மூன்று ஆண்டுகளில் 62 நிரல்கள், சுமார் 25,000 வரிகள். 4,000 பேரை மேய்த்தவர், ஒரு மாணவனைப் போல ஒவ்வொரு நிமிடத்தையும் ஒவ்வொரு பிழையையும் தாளில் குறித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1995-இல் புத்தகமாக வந்த தனிமனித மென்பொருள் முறை, பி.எஸ்.பி. செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேலையைத் தொடங்கும் முன் எத்தனை வரி, எத்தனை நிமிடம் ஆகும் என்று மதிப்பிட்டு எழுத வேண்டும். வேலை செய்யும்போது கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும், தொலைபேசி அழைப்பால் போன நிமிடத்தைக் கழிக்க வேண்டும். பிழை ஒன்று அகப்பட்டால், அது என்ன வகை, எந்தக் கட்டத்தில் உள்ளே நுழைந்தது, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, திருத்த எவ்வளவு நேரம் ஆனது என்று பதிய வேண்டும். கணினியிடம் ஓடக் கொடுப்பதற்கு முன், தன் பழைய பிழைகளை வைத்துத் தானே தயாரித்த பட்டியலோடு நிரலை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

இந்தப் பயிற்சிக்கு வந்த அனுபவசாலிகளின் பதிவுகளைத் தொகுத்தபோது, 1,000 வரிக்கு ஏறத்தாழ 100 பிழைகள் உள்ளே போவது தெரிந்தது. பத்து வரிக்கு ஒன்று. அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. சோதனை என்ற வலை ஒவ்வொரு முறையும் இவற்றில் பாதியைக்கூடப் பிடிப்பதில்லை. படித்துப் பார்க்கும்போது சில நிமிடத்தில் நீங்கும் பிழை, எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிக்கும் கட்டத்தில் மணிக்கணக்கில் நேரத்தைத் தின்னும்.

தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரத்தடியில் மங்கைத் துடைக்காமல் வைத்தால் பட்டைத் தூளும் இலையும் பாலில் விழும். ஸ்டோரில் வடிகட்டலாம்தான். ஆனால் பால் உறைந்து கட்டியான பிறகு, உள்ளே சிக்கிய அழுக்கை எந்தச் சல்லடை எடுக்கும்? ஒவ்வொரு மரத்திலும் மங்கைத் துடைத்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும் என்று என் பாட்டி சொல்வார்.

பாட்டியிடமிருந்து நான் கேட்ட இன்னொரு விஷயமும் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்று அப்போது அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா பக்கத் தோட்டத்தில் அவர் வேலை செய்தார். பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்குப் போனால், கிராணி எடை பார்ப்பார். பிறகு மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, தண்ணீர் நீக்கி ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிடுவார். எண்ணைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். அந்த எண்தான் கூலி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாட்டி ஒரு நாளும் பார்த்ததில்லை. அளப்பது என்றாலே பாட்டிக்கு அது வேறொருவர் தன்மேல் நடத்தும் காரியம்.

ஹம்ஃப்ரி இந்த இடத்தில்தான் உறுதியாக நின்றார். பி.எஸ்.பி. பதிவு அதை எழுதியவருக்கே சொந்தம். மேலாளர் அதைக் கேட்கக்கூடாது, அதை வைத்துச் சம்பளமோ பதவியோ முடிவு செய்யக்கூடாது. தண்டனைக்குப் பயன்படும் என்று தெரிந்த நொடியே மனிதர்கள் எண்களை மாற்றி எழுதுவார்கள். பிறகு அந்த எண்களால் யாருக்கும் பயனில்லை. குழுவாக வேலை செய்பவர்களுக்காக அடுத்து அவர் உருவாக்கிய டி.எஸ்.பி. முறையிலும் குழுவின் மொத்தக் கணக்குதான் மேலே போகும், தனி ஆளின் கணக்கு போகாது. ஐ.பி.எம்.மில் திட்டத்தை வேலை செய்பவர்களே போட வேண்டும் என்றாரே, அந்தப் பிடிவாதம் முப்பது ஆண்டுக்குப் பிறகும் மாறவில்லை.

சென்ற பருவத்தில் மூன்று பேர் சேர்ந்து செய்த ஒரு பாடத்திட்டப் பணிக்கு, நானும் மூன்று வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்படிக் குறித்துப் பார்த்தேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு பிழையைக் குறிக்காமல் விட்டுவிடலாமா என்று கை தயங்கியது. யாருமே பார்க்கப் போவதில்லை, ஆனாலும் வெட்கம். மூன்றாம் வாரம் பக்கங்களைப் புரட்டியபோது, என் பிழைகளில் பெரும்பாலானவை இரண்டே வகை என்று தெரிந்தது. பட்டியலின் கடைசி உறுப்பை விட்டுவிடுவது, காலியாக வரும் தகவலைச் சரிபார்க்காமல் போவது. அவற்றில் பெரும்பங்கு நள்ளிரவு 12 மணிக்கு மேல் எழுதியவை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. தூங்கு என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார் என்பது வேறு விஷயம்.

பின்னாள்

புதுத் தொழில்நுட்பத்துக்கான அமெரிக்காவின் உயரிய விருதான தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 2003-ஆம் ஆண்டுக்கு ஹம்ஃப்ரிக்கு வழங்கப்பட்டது. 2005-இல் வெள்ளை மாளிகையில் அதைப் பெற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 77. அதன் பிறகும் எழுதிக்கொண்டிருந்தார். 2010 அக்டோபர் 28-ஆம் நாள் ஃபுளோரிடா மாநிலம் சரசோட்டாவில், 83 வயதில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 29-இல், ஓ.எஸ். 360-இன் வளர்ச்சியை எண்ணிய மேனி லேமன் ஜெருசலேமில் மறைந்தார்.

இப்போது நிரலின் பெரும் பகுதியைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறது. ஒரு மணி நேரத்தில் ஆயிரம் வரி வந்து விழுகிறது. வேகமாக வருவதால் பத்து வரிக்கு ஒரு பிழை என்ற கணக்கு எப்படி மாறியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் மாணவர்கள் என் வகுப்பில் அதிகம் இல்லை. அந்த ஆயிரம் வரியை நாளை மாற்ற வேண்டி வரும்போது, அதை எழுதியவர் யார் என்று கேட்க ஆளும் இருக்காது.

பி.எஸ்.பி. பற்றி ஹம்ஃப்ரி எழுதிய அறிக்கை கார்னகி மெலன் மென்பொருள் பொறியியல் கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் வகுத்த பாடத்தின் முதல் பயிற்சி, கொடுக்கப்பட்ட எண்களின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிடும் ஒரு சிறு நிரல். கூடுதல் கணிதம் படிக்கும் படிவம் ஐந்து மாணவர்கூட எழுதிவிடலாம். அதைத் தொடங்கும் முன் எத்தனை நிமிடம் ஆகும் என்று எழுதி வைத்துவிட்டு, முடித்த பிறகு உண்மையில் எத்தனை ஆனது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.